இடப்பக்கக் கொக்கி

என் காரின் துணிக் கூரையை, அதாவது டாப்பை, முன்கண்ணாடிச் சட்டத்தோடு இழுத்துப் பிடிப்பவை இரண்டு கொக்கிகள். வலப்பக்கக் கொக்கி இன்றைக்கும் சொடுக்கினால் டக்கென்று உட்காரும். இடப்பக்கக் கொக்கிக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வண்டிக்குள் இருந்து பிடியை இழுக்க வேண்டும். இன்னொருவர் வெளியே நின்று டாப்பின் விளிம்பை உள்ளங்கையால் அழுத்தி, கொக்கியின் மூக்கை ஒற்றை விரலால் சட்டத்தில் உள்ள குழிக்குள் தள்ளிக் கொடுக்க வேண்டும். பதினோரு வருடமாக அதன் குணம் இதுதான். போன வாரம் பெய்த மழையில் அந்தக் கொக்கியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது, என் அத்தானைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அத்தான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

எழுதுகிறவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் நாலாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் அடுத்தவர் கூடையைத் தலையில் சுமந்து தொடங்கியவன். இன்று அதே மார்க்கெட்டில் என் கடைக்குப் பூ வந்து இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் விலை சொல்ல வாயைத் திறப்பார்கள். பிச்சிப் பூவை முகர்ந்து பார்த்தே அது எந்த ஊர்ப் பக்கம் பூத்தது, வெயில் ஏறுவதற்கு முன் பறித்ததா, பின் பறித்ததா என்று சொல்லிவிடுவேன். படித்தவர்களில் இப்படிச் சொல்ல ஒருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம். எனக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்தவை கடை போர்டுகளும் பஸ் போர்டுகளும்தான். இதையும் நானேதான் எழுதுகிறேன், யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. எழுத்து கொஞ்சம் கோணும். விஷயம் கோணாது.

அறுபது வயதில் எனக்கென்று ஒன்று வாங்கினேன். அதுவரை வாங்கிய வேன், லாரி எல்லாம் கடைக்கு. கொச்சியில் ஒரு பெரிய கல்யாணத்துக்குப் பூ இறக்கப் போனபோது, அந்த வீட்டு வளாகத்தில் சிவப்பாக, தரையோடு தரையாக அந்தக் கார் நின்றது. இரண்டே இருக்கை. மேலே தகரக் கூரை இல்லை. கனத்த கறுப்புத் துணியில் டாப்பு. அதை மடக்கிப் பின்னால் படுக்க வைத்தால் வானம்தான் கூரை. பொத்தானை அமுக்கினால் தானே மடங்குகிற வகை இல்லை இது. கையால்தான் மடக்க வேண்டும், கையால்தான் போட வேண்டும். விற்கிறீர்களா என்று அங்கேயே கேட்டேன். சிரித்தார்கள். மூன்று மாதம் கழித்து அந்த வண்டி என் வீட்டு ஷெட்டில் நின்றது. முதல் நாள் நான் டாப்பைத் திறந்து ரத வீதியில் போனபோது டீக்கடைக்காரன் கூவினான்: "அண்ணாச்சி, வண்டிய முழுசா முடிக்கதுக்கு முன்னாலயே ஓட்டிட்டு வந்துட்டியளா? மேல இன்னும் ஓடு வேயலயே!" சிரிக்கட்டும் என்று விட்டேன். அன்றைக்கு அவன் கடையில் டீ குடித்தவர்கள் எல்லோரும் க்ளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றார்களே, அது போதும் எனக்கு.

ஆனால் இந்த ஊரில் அப்படி ஒரு டாப்போடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் திறந்தால் மண்டை பொசுங்கும். திறந்தபடி நிறுத்திவிட்டு ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்து இருக்கையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். குருவிகுளம் ரோட்டில் கரிசல் புழுதி வண்டிக்குள் வந்து மடியில் ஏறிக்கொள்ளும். டாப்பைப் போட்டு நிறுத்தினால் மெத்தை என்று நினைத்து ஆடு ஏறிப் படுக்கும். குற்றாலத்தில் ஒரு குரங்கு, பின்கண்ணாடியின் ஜிப்பை மனுசனைப் போல இழுத்துத் திறந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனது. அந்தப் பின்கண்ணாடி கண்ணாடியே இல்லை, மெல்லிய பிளாஸ்டிக். மடக்கும்போது சுருங்கினால் கோடு விழும், கோடு விழுந்த இடத்தில் கீறும். ஈரத்தோடு மடக்கினால் துணியில் பூசணம் பிடிக்கும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வண்டியோடு வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அதை வாசித்துச் சொன்னவர் அத்தான்.

அத்தான் வாழ்நாள் முழுக்க ஆபீஸில் எழுத்தராக இருந்தவர். வெள்ளைச் சட்டை, பையில் மை பேனா. அவர் எழுத்தைப் பார்த்தால் அச்சடித்தது என்பார்கள். எங்கள் ஊரில் கோயில் கொடை நோட்டீஸானாலும், கலெக்டருக்கு மனுவானாலும் அவரிடம்தான் வருவார்கள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று, என் மனைவி சொல்லி, என் கடையில் கடிதங்கள் எழுத வந்தார். நான்தான் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். காரின் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தபோது இரண்டு நாள் உட்கார்ந்து வாசித்து, டாப்பை எப்படி மடக்குவது, எப்படிப் போடுவது என்று பெரிய தாளில் பதினோரு வரி எழுதி, ஷெட் சுவரில் ஒட்டினார். 'ஒன்று: பின்கண்ணாடியின் ஜிப்பைத் திறந்து, சுருக்கமின்றிப் படுக்க வைக்கவும்' என்று தொடங்கும். ஒவ்வொரு எழுத்தும் முத்து. அந்தத் தாளின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும்.

ஏன் எரிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் பெண் கேட்டுப் போன அன்று, தாம்பாளத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அத்தான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த சின்ன வயசுக்காரர். ஒரு தாளையும் தன் பேனாவையும் என்னிடம் நீட்டி, "பேர எழுதும் பாப்போம்" என்றார். எழுதினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கையெழுத்து நடக்கவே இல்லையே, நொண்டுதுல்லா! இந்தக் கையிலயா எந்தங்கச்சியப் பிடிச்சுக் குடுக்க?" வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சமையல்கட்டில் இருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அவருடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னை மார்க்கெட்டில் பார்த்திருந்தவர். பெண்ணைக் கொடுத்தார். அத்தான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை, அநேகமாக மறந்தும் போயிருப்பார். சொன்னவருக்கு மறந்துவிடும். வாங்கியவன் நான். முப்பத்தைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

அதனால் டாப்பு வேலையை அவருக்கே கொடுத்தேன். டிரைவர் இருந்தான், கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். "இவனுவ எல்லாம் அடி முட்டாளுவ அத்தான். அந்தத் தாள எழுதுன கைக்குத்தான் அது பிடிபடும்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். மரியாதையான வார்த்தைக்கு மறுப்புச் சொல்ல அவருக்குத் தெரியாது. காலையில் ஷெட்டுக்கு வந்து டாப்பைத் திறப்பார், வெயில் ஏறியதும் போடுவார். வாரத்துக்கு ஒருமுறை ஷாம்பு போட்டு, துணி துவைக்கிற பிரஷால் இழை போகும் பக்கமாகவே தேய்ப்பார். மஞ்சளடித்த பின்கண்ணாடியைப் பல் விளக்குகிற பேஸ்டைத் தொட்டுத் தேய்த்துத் தெளிய வைத்தார். அறுபத்திரண்டு வயதில் பேனாவை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் குனிவதை நான் காபி குடித்தபடி பார்ப்பேன். காபிக்கு அப்படி ஒரு ருசி.

ஒரு ஆனி மாதம் குற்றாலத்துக்கு இருவரும் போனோம். தென்காசி தாண்டியதும் சாரல். வண்டியை ஓரம் கட்டி, "அத்தான், டாப்பு" என்றேன். இறங்கிப் போட்டார். ஒரு பர்லாங் போவதற்குள் வெயில். "அத்தான், எடுத்துருவமா?" இறங்கி எடுத்தார். மறுபடி சாரல், மறுபடி டாப்பு. நான் இருக்கையை விட்டு எழவில்லை. ஐந்தாம் முறை நான் வண்டியை நிறுத்தியபோது ஒரு துளி கூட விழவில்லை. அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிப் போட்டார். திரும்ப உட்கார்ந்து, நனைந்த பேனாவை வேட்டி நுனியால் துடைத்தபடி, "மாப்ளைக்கு நல்ல விளையாட்டு" என்றார். அவ்வளவுதான். நான் பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினேன்.

அந்த வருடம் ஐப்பசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். ஒரே மகள், பல இடம் பார்த்துத் தட்டிப்போய், இருபத்தேழு வயதில் அமைந்த வரன். மாப்பிள்ளை வீட்டார் தென்காசிப் பக்கம். நிச்சயத்தின்போது மாப்பிள்ளையின் தாய்மாமன், பெருத்த குரல்காரர், ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒங்க மச்சினர்ட்ட தொறந்த கார் இருக்காமே. மாப்பிள்ளை அழைப்பு அதுலதான் இருக்கணும். எங்க சாதி சனம் பாக்கணும்லா." எங்கள் பக்கம் அப்படித்தான். மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோவிலில் மாலை போட்டுக் காரில் ஏற்றினால், மண்டப வாசலில்தான் அவர் கால் தரையில் படலாம். வண்டி தர வேண்டியது பெண் வீட்டார். அதில் ஒரு குறை வந்தால் பெண் போய் வாழ்கிற வீட்டில் காலம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அத்தான் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்து நின்றார். நான் உடனே சரி சொல்லவில்லை. நாலு நாள் வைத்திருந்து சொன்னேன். ஓட்டுவதும் நானே என்றேன்.

அன்று சாயங்காலம் பிள்ளையார் கோவில் வாசலில் என் கடைப் பூவில் அந்தக் கார் தேர் மாதிரி நின்றது. மடித்த டாப்பின் மேல் பிச்சியும் செவ்வந்தியும் சரமாகச் சுற்றி, சரங்களை டாப்பின் இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். வண்டி தாழ்வான வண்டி. கூட்டத்துக்கு அவர் தலைப்பாகை மட்டும்தான் தெரிந்தது. தாய்மாமன் குரல் எடுத்தார்.

"என்ன சம்பந்தி இது? மாப்பிள்ளையப் பள்ளத்துக்குள்ள உக்கார வச்சிருக்கிய! அழைச்சிட்டுப் போறியளா, அரெஸ்ட் பண்ணிக் கொண்டு போறியளா?"

பேண்டு வாசிப்பவர்கள் முதற்கொண்டு சிரித்தார்கள். பின்னால் மடித்த டாப்பின் மேல் உட்கார வைத்தால் உயரமாக இருக்கும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அத்தான் என் பக்கம் வந்து குனிந்தார். "மாப்ள, மண்டபம் வரைக்கும்தான். கொஞ்சம்..." என்றார்.

நான் சத்தமாகவே கேட்டேன்: "அத்தான், ஒம்பதாவது வரி என்ன?"

அவருக்குப் புரிந்தது. சுற்றிலும் சம்பந்தி வீட்டார், தாம்பாளத்தோடு பெண்கள். சந்தனக் கிண்ணம் அவர் கையில். "வேண்டாம் மாப்ள" என்றார்.

"சொல்லுங்க. நீங்க எழுதுனதுதான?"

"மடித்த டாப்பின் மேல் எதையும் வைக்கக் கூடாது."

"உக்காரலாமா?"

"கூடாதுதான். இன்னைக்கு ஒருநாள் மாப்ள. கெஞ்சிக் கேக்கேன்."

கெஞ்சி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து விழுந்தபோது என் காதில் நாதஸ்வரம் கேட்கவில்லை, பேண்டு கேட்கவில்லை. "அப்பம் சரி. கம்பி வளைஞ்சா நீங்கதான் நிமுத்தணும்" என்றேன். மாப்பிள்ளையும் அவர் தோழனும் மடித்த டாப்பின் மேல் ஏறி, கால்களை இருக்கையில் வைத்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேருமே நல்ல கனம். இடப்பக்கம் கம்பி ஒருமுறை முனகியது. அத்தானும் அதைக் கேட்டார்.

ரத வீதியில் பாதி தூரம் போயிருப்போம். மேகம் மத்தியானத்திலிருந்தே திரண்டிருந்தது. டாப்பைப் போட்டே கொண்டுபோகலாம் என்று அத்தான் காலையிலேயே சொல்லிப் பார்த்திருந்தார். புளியங்கொட்டை மாதிரி பெரிய துளிகள் முதலில் விழுந்தன, அப்புறம் கொட்டியது. பேண்டுக்காரர்கள் கடை தாழ்வாரங்களுக்குள் ஓடினார்கள். மாப்பிள்ளையை இரண்டு பேர் குண்டுக்கட்டாகத் தூக்கி, கால் தரையில் படாமல் ஒரு ஜவுளிக் கடைப் படியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தாய்மாமன் கத்தினார்: "டாப்பப் போடுங்கவே! பட்டெல்லாம் போச்சு! நடக்க வச்சா மண்டபத்துக்குக் கொண்டு போவீய? அப்படின்னா நாங்க இப்படியே திரும்பிருதோம்!"

என் தலைக்கு மேல் ஒருவன் குடை பிடித்திருந்தான். நான் இறங்கவில்லை. பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த அத்தான் ஓடி வந்தார். கம்பியோடு கட்டிய பூச்சரங்களை அவிழ்க்க நேரமில்லை. கையால் அறுத்தார், அறுபடாத நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். டாப்பைத் தனியாளாகத் தூக்கினார். வலப்பக்கம் நேராக வந்து சட்டத்தில் படிந்தது, நான் கொக்கியைச் சொடுக்கினேன். இடப்பக்கம் ஓர் அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. கம்பி வளைந்துவிட்டது. அவர் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய், வெளியே நின்று விளிம்பை அழுத்தினார். நான் குறுக்கே சாய்ந்து உள்ளேயிருந்து பிடியைப் பிடித்தேன்.

"மாப்ள, பொறுங்க. மூக்கு குழியில உக்காரல. நான் தள்ளிவிடுதேன். சொன்ன பொறவு இழுங்க" என்றார்.

அந்த இடுக்கு வழியாக அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் உள்ளே வந்தது. நுனியில் சந்தனம். மாப்பிள்ளைக்கு வைத்த சந்தனம். மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டிருந்தது. அதே விரலும் கட்டைவிரலும் சேர்ந்துதான் ஒரு நாள் என் பெயரை எழுதிய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தன.

அவர் சொல்லவில்லை. நான் இழுத்தேன்.

சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளரிக்காயைக் கடிக்கிற சத்தம். அவர் அலறவும் இல்லை. துணிக்கு அந்தப் பக்கமிருந்து, பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்கிற மாதிரி, "தெறங்க மாப்ள" என்றார்.

"என்ன?" என்றேன்.

எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. இருந்தாலும் என்ன என்று கேட்டேன்.

"கை மாட்டிக்கிட்டு. தெறங்க."

திறந்தேன். அவர் கையை எடுத்து மேல்துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். அப்புறம் இடது கையின் விரலால் கொக்கி மூக்கைக் குழிக்குள் தள்ளிவிட்டு, "இப்பம் இழுங்க" என்றார். இழுத்தேன். மாட்டியது. மாப்பிள்ளையைத் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். மண்டப வாசலில்தான் அவர் கால் தரையில் பட்டது. தாய்மாமன் என் தோளைத் தட்டி, "அண்ணாச்சி, வண்டின்னா இது வண்டி!" என்றார்.

அன்று அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கல்யாண வீட்டை விட்டு எங்கே போக? நான் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், வண்டி வாசலில்தான் நின்றது. மறுநாள் காலை முகூர்த்தத்தில் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். விரலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. தாய்மாமன், "என்ன சம்பந்தி, மஞ்சத் துணியில செவப்பு?" என்றதற்கு, "குங்குமம் பட்டுட்டு" என்றார். மகள் குனிந்து அவர் கையைப் பார்த்தாள். அவர் கையைத் திருப்பிக்கொண்டார். மேடைக்குக் கீழே முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து நான் அட்சதை போட்டேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அந்த விரலின் நுனியை நகத்தோடு எடுத்தார்கள். சீழ் வைத்துவிட்டதாம். முதல் நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக என் மனைவி வந்து சொன்னாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அண்ணன் கை அங்கன இருந்தத நீங்க பாக்கலையா?"

"பாக்கல. மழைல்லா, அவசரம்."

"சரி" என்றாள். ரசம் ஊற்றினாள். அன்றிலிருந்து அவள் அந்தக் காரில் ஏறியதில்லை. முதுகு வலி என்பாள், காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் அத்தான், "எந்தப்புதான். அவசரப்பட்டு விரல விட்டுட்டேன்" என்றே சொன்னார். ஊரே நம்பியது. மெதுமெதுவாக நானும் நம்ப ஆரம்பித்தேன். பத்து வருடம் ஒரு பொய்யைச் சொன்னால் அது வீட்டுச் சாமான் போல ஆகிவிடுகிறது. எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, கை நீட்டினால் கிடைக்கும்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரே ஒரு நாள் அத்தான் என் வீட்டுக்கு வந்தார். நான் கடையில் இருந்தேன். ஷெட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஷெட் சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் நான் வண்டியை எடுக்கப் போனபோது அந்தத் தாளைப் பார்த்தேன். பதினோரு முத்து வரிகளுக்குக் கீழே பன்னிரண்டாவதாக ஒரு வரி. இடது கையால் எழுதியது. ஒரு எழுத்து மேலே ஏறி, ஒரு எழுத்து கீழே சரிந்து, என் எழுத்தை விடவும் மோசமாக நொண்டியது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'பன்னிரண்டு: கொக்கியை இழுக்கும் முன், வெளியே நிற்பவரின் விரலைப் பார்க்கவும். பார்த்த பிறகு இழுக்க வேண்டாம்.'

தாளைக் கிழிக்கலாம் என்று கையை வைத்தேன். கிழித்தால் ஏன் கிழித்தாய் என்று யாராவது கேட்பார்களே என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. கொடை நோட்டீஸ் எழுதக் கேட்டு வந்தவர்களிடம், "கை வரல" என்று சொல்லி அனுப்பிவிடுவார். மை பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. கல்யாணம், காது குத்து என்று எங்காவது பார்த்தால், "வாங்க மாப்ள" என்று எழுந்து நின்று அழைப்பார். நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். எட்டு வருடம் இப்படி ஓடியது. அவர் போன அன்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமா, அப்பா சாகுத வரைக்கும் ஒங்களப் பத்திதான் பேசுவாவ. நீங்க வண்டி தரலன்னா எங்கல்யாணமே நடந்திருக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாவ." நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய வலது கை, துணிக்கு வெளியே, என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்காக நான் எழுதவில்லை. கேட்க வேண்டியவர் இல்லை. எழுபத்தோரு வயதில், இந்த ஊரில், எனக்கு முன்னால் யாரும் கை கட்டி நிற்காத நாள் கிடையாது. போன வாரம் வரை எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் டாப்புக்கு வெயில் காட்டலாம் என்று வண்டியை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். டிரைவர் ஊருக்குப் போயிருந்தான். காலையிலேயே பாதி திறந்து உலர்த்திவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டு எழும்போது குருவிகுளம் பக்கம் கறுத்து வந்தது. ஓடிப்போய் உட்கார்ந்து டாப்பை இழுத்தேன். வலப்பக்கம் மாட்டியது. இடப்பக்கம் அதே ஓர் அங்குலம். வளைந்த கம்பியைச் சீட்டு தைக்கிறவரிடமும் வெல்டிங் கடையிலும் எத்தனையோ முறை கொடுத்துப் பார்த்தாயிற்று, அந்த ஓர் அங்குலம் மட்டும் இறங்கவே இல்லை. நான் குறுக்கே சாய்ந்து பிடியைப் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் வாங்களேன்" என்று கத்தினேன். மழை இறங்கிவிட்டது.

என் மனைவிதான் வந்தாள். குடையோடு வந்தவள், இடப்பக்கம் நின்று, குடையை மடக்கிக் கீழே போட்டாள். பதினோரு வருடமாக வண்டியின் பக்கமே வராதவள். யாரும் சொல்லித் தரவில்லை. அண்ணன் அழுத்திய அதே இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். இடுக்கு வழியாக அவளுடைய ஆள்காட்டி விரல் உள்ளே வந்தது. மெலிந்து, நரம்போடிப் போன விரல். கொக்கியின் மூக்கை அது தள்ளவில்லை. குழிக்குக் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

"இழுங்க" என்றாள்.

"விரல எடு" என்றேன்.

"எந்த விரல?"

மழை என் இடது தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"இன்னைக்கும் மழைதான். அவசரந்தான். பாக்கலன்னு சொல்லிக்கிடலாம். இழுங்க."

பிடியை நான் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவள் விரல் குழியை விட்டு அசையவே இல்லை. இருக்கையின் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து என் வேட்டியை நனைத்தது. கடைசியில் நான்தான் கொக்கியை விட்டேன். அவள் விரலை எடுத்து முந்தானையில் துடைத்தாள். குடையை எடுத்து விரித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வண்டி இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறது. வலப்பக்கம் மாட்டியபடி, இடப்பக்கம் ஓர் அங்குலம் திறந்தபடி. மழை உள்ளே போகிறது.